மறந்துபோகிறவனிடம் பொய் சொல்லலாமா?

அஸர் தொழுதுவிட்டு வந்து வாசல் கதிரையில் அமர்ந்ததும் என் தம்பி கேட்பான்:

"உம்மா எங்க காக்கா? காணல்ல."

2017ஆம் ஆண்டின் கடைசி மாதங்களிலிருந்து இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் இருக்கிறது. உம்மா மௌத்தானதும் அந்த ஆண்டில்தான். கேட்கிற அவனுக்கு ஒவ்வொரு முறையும் இது முதல்முறை. பதில் சொல்ல வேண்டிய எனக்கு அப்படியல்ல.

இக்கேள்விக்கு இதுவரை மூன்று விதமாகப் பதில் கொடுத்திருக்கிறேன். உண்மையைச் சொல்லியிருக்கிறேன். பொய்யைச் சொல்லியிருக்கிறேன். ஒன்றுமே சொல்லாமல் தேத்தண்ணீர்க் கோப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். இம்மூன்றில் எது சரி? ஞாபகம் தவறிப்போன வயோதிபர்களை வைத்துப் பராமரிக்கின்ற பல வீடுகளில் இக்கேள்வி சத்தமில்லாமல் உலவுகிறது. எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர்ந்த வழி வேறு. அந்த வழியை முதலில் சொல்ல வேண்டும்.

*

தம்பி பாடசாலையில் கணிதம் படிப்பித்தவன். 2016இன் இறுதியில் அவனுக்குக் கடுமையான குருதிப் புற்றுநோய் என்று கண்டறிந்தார்கள். மருந்துகளால் நோய் அடங்கியது. ஆனால் அது திரும்பி வரும் வகையைச் சேர்ந்தது என்றும், வேறொருவரின் ஸ்டெம் செல்களை, அதாவது குருதியை உண்டாக்கும் மூலக் கலங்களை, மாற்றி வைப்பதே நிரந்தரத் தீர்வுக்கான வழி என்றும் வைத்தியர்கள் சொன்னார்கள். ஒரு வளவை விற்றோம். ஊரார் சேர்த்துத் தந்ததையும் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனோம்.

கூடப்பிறந்த ஒருவருடைய இழையம் முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. நான் பொருந்தவில்லை. தங்கச்சி பொருந்தினாள். அவளுக்குத் தொடர்ந்து சில நாட்கள் ஊசி போட்டார்கள். அந்த ஊசி என்பு மச்சைக்குள் இருக்கும் மூலக் கலங்களைக் குருதிக்குள் இறங்கி வரச் செய்கிறது. பிறகு ஓர் இயந்திரத்தின் வழியாக அவளுடைய குருதியை ஓடவிட்டு அவற்றைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு முன்பே கடும் மருந்துகள் கொடுத்துத் தம்பியின் சொந்த மச்சையை முற்றாக அழித்திருந்தார்கள். அமெரிக்க வைத்தியர் டொனல் தோமஸ் 1957இல் எழுதி வெளியிட்ட முயற்சிகளிலிருந்து வளர்ந்த சிகிச்சை இது. அவருக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. இத்தனை ஆண்டு உழைப்பின் முடிவை நாங்கள் கண்ணால் பார்த்தபோது அது கம்பியில் தொங்கிய ஒரு சிறு பை மட்டுமே. தங்கச்சியின் உயிர் சொட்டுச் சொட்டாகத் தம்பிக்குள் இறங்கியது.

வைத்தியசாலையில் அனுமதிப்பதற்கு முந்திய இரவு, வாடகை அறையில் படுத்துக்கொண்டு தம்பி சொன்னான்: "காக்கா, எனக்கிட்ட ஒண்டும் மறைக்கப்படா. நல்லதெண்டாலும் கெட்டதெண்டாலும் சொல்லிப்போடணும்." நான் "ஓம்" என்றேன். அந்த ஓர் எழுத்துக்குப் பக்கத்து எழுத்துக்கள் எத்தனை இருக்கின்றன என்று அப்போது எனக்குத் தெரியாது.

*

மூன்றாம் கிழமையில் புதிய கலங்கள் வேர்கொண்டுவிட்டன என்ற நல்ல செய்தி வந்தது. அதே கிழமையில் தம்பி, ஓஎல் வகுப்புக்கு வினாத்தாள் தயாரித்தாயிற்றா என்று என்னிடம் கேட்டான். அவன் லீவில் இருக்கிறான் என்றேன். சிரித்தான். ஐந்து நிமிடத்தில் திரும்பவும் கேட்டான். அன்று மாலைக்குள் ஏழெட்டுத் தடவை கேட்டான். குருதியில் சோடியம் குறைந்தது. மறுநாள் வலிப்பு வந்தது. முதுகெலும்பிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதித்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குள் ஒரு வைரசு விழித்திருந்தது.

அந்த வைரசின் கதை கேட்பதற்கு எளிமையானது. 1986இல் அமெரிக்காவில் முதலில் இனங்காணப்பட்டது. மனித ஹெர்பீஸ் வைரசுகளில் ஆறாவது. குழந்தைகளுக்கு மூன்று நான்கு நாள் நெருப்பாகக் காய்ந்து, காய்ச்சல் விட்டதும் உடம்பெல்லாம் ரோசா நிறத்தில் பொரிகின்ற அந்தச் சாதாரண நோய்க்குக் காரணம் இதுவே என்று 1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரண்டு மூன்று வயதுக்குள் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தொற்றிவிடுகிறது. பலருக்குப் பொரிவதுகூட இல்லை. எங்கள் உம்மா இதைப் 'பல்லு முளைக்கிற காய்ச்சல்' என்பா. காய்ச்சல் போய்விடும். வைரசு போகாது. உடம்புக்குள் எங்கோ உறங்கிக்கொண்டிருக்கும். நோய் எதிர்ப்புச் சக்தி காவல் நிற்கும்வரை அது எழும்புவதில்லை.

மூலக் கல மாற்றம் செய்தவருக்கு அந்தக் காவல் இல்லை. பழைய படை அழிக்கப்பட்டுவிட்டது. புதிய படை இன்னும் ஊரைப் பழகவில்லை. ஆகவே இப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் சில கிழமைகளில் இவ்வைரசு குருதியில் தலைகாட்டுகிறது. பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. நூற்றில் ஒருவர் அளவில் அது மூளைக்குப் போகிறது. தொப்புள்கொடிக் குருதியிலிருந்து கலங்களைப் பெற்றவர்களிடம் இது இன்னும் அதிகம். உடன்பிறந்தோரிடமிருந்து பெற்றவர்களிடம் குறைவு. குறைவு என்பதற்கு இல்லை என்று பொருளல்ல.

மூளைக்குள் அது விரும்பிப் போய் உட்காரும் இடம் ஹிப்போகம்பஸ் என்ற பகுதி. இரு காதுகளுக்கும் உட்புறத்தில், கடற்குதிரையைப் போல வளைந்திருப்பதால் கிரேக்க மொழியில் அப்பெயர். இன்று நடந்ததை நாளைக்கு எடுத்துச் செல்லும் வாசல் அது. வாசல் இடிந்துபோனால் உள்ளே ஏற்கெனவே இருக்கும் பழைய சாமான்களுக்குப் பெரிய சேதமில்லை. ஆனால் புதிதாக எதுவும் உள்ளே போகாது.

வைத்தியர் எங்களை அழைத்து மருந்தைப் பற்றிச் சொன்னார். ஒரு மருந்து சிறுநீரகத்தைத் தாக்கும். மற்றது தங்கச்சி கொடுத்து இப்போதுதான் வேர்பிடித்த மச்சையையே தாக்கும். "ரெண்டுல ஒண்ணு குடுத்தே ஆகணும் சார்" என்றார். முதலாவதைக் கொடுத்தார்கள். உயிர் தப்பியது. புற்றுநோயும் இன்றுவரை திரும்பவில்லை. வாசல் மட்டும் திரும்பக் கட்டப்படவில்லை. இந்நோயிலிருந்து தேறி முழு ஞாபகத்தோடு வீடு திரும்பியவர்களும் இருக்கிறார்கள். தம்பி அவர்களில் ஒருவனாக இருக்கவில்லை.

உம்மா அவனைக் கைக்குழந்தையாக மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய விழித்திருந்த ஏதோ ஒரு காய்ச்சலில் உள்ளே வந்த விருந்தாளிதான் இது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. எத்தனையோ வருடம் உறங்கிக் கிடந்து, உம்மாவின் மௌத்தை அவன் அறியவிடாமல் செய்யவென்றே எழும்பியது போல.

*

ஆம், அவன் அந்தக் கட்டிலில் கிடந்தபோதுதான் ஊரில் உம்மா மௌத்தானா. அன்றைக்கே அடக்கிவிட்டார்கள். தங்கச்சியும் நானும் வைத்தியசாலை நடைவழியில் நின்று போனில் கேட்டோம். உள்ளே வந்து அவனைப் பார்த்துச் சிரித்தோம்.

வீடு திரும்பிய முதல் நாள் சொன்னேன். நான் வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா. அவன் நிலத்தில் இருந்து அழுதான். "ஜனாஸாவுக்கும் நான் வரல்லியே காக்கா" என்றான். வீடே அழுதது. முகம் கழுவிக்கொண்டு வந்தவன், சமையலறைப் பக்கம் பார்த்து, "உம்மா எங்க?" என்றான்.

திரும்பவும் சொன்னேன். திரும்பவும் அதே அழுகை. துளியும் குறையாத அழுகை. அந்தக் கிழமையில் பத்துப் பன்னிரண்டு தடவை சொல்லியிருப்பேன். கடைசியில் தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிச் சொல்லாதீங்க காக்கா. ஒவ்வொரு நாளும் நீங்க சின்னக் காக்காக்கு உம்மாவ மௌத்தாக்குறீங்க."

தன் குருதியைக் கொடுத்தவள் அவள். அவளுக்கு மறுத்துப் பேச என்னால் முடியவில்லை. மறுநாள் அவன் கேட்டபோது, "உம்மா சாச்சிட வூட்ட பெய்த்தா" என்றேன். "ஆ, சரி" என்றான். எவ்வளவு இலகு! அவன் நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடித்தான். நானும் குடித்தேன்.

*

மருத்துவ உலகில் நன்கறியப்பட்ட ஒருவருக்கும் இதே நிலை இருந்தது. 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்பர்ட் நகரில், ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பு நோயைத் தணிப்பதற்காக, வில்லியம் ஸ்கோவில் என்ற நிபுணர் மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகம்பஸ் பகுதியின் பெரும்பங்கை அகற்றினார். வலிப்புக் குறைந்தது. புதிய ஞாபகம் உண்டாவதும் நின்றது. 2008இல் இறக்கும்வரை அவர் அப்படியே வாழ்ந்தார். அவரைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த பிரெண்டா மில்னர், பிரியமான அங்கிள் ஒருவரின் மரணச் செய்தியைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அவர் புதிதாகவே துயரப்பட்டார் என்று பதிவுசெய்திருக்கிறார். அதைப் படித்தபோது, தங்கச்சி சொன்னதையே விஞ்ஞானமும் சொல்வதாக எனக்குப் பட்டது.

பொய்க்கு ஆதரவாக வாதங்களைத் தேடினேன். அவை தாராளமாகக் கிடைத்தன. ஞாபகத் தொடர்ச்சிதான் ஒருவரை அதே ஆளாக வைத்திருக்கிறது என்பது ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக்கின் கருத்து. அப்படியானால் எனக்கிட்ட ஒண்டும் மறைக்கப்படா என்றவன் இப்போது இல்லை; வாக்கும் காலாவதியாகிவிட்டது. இன்னொன்று: பொய் ஏன் தீது? ஏமாந்தவன் ஒருநாள் அறிந்து வருந்துவான், நம்பிக்கை உடையும். இங்கே அறியும் நாள் வரப்போவதில்லை. உடைவதற்கு ஒன்றுமில்லை. பின் எங்கே தீது? பொய் எச்சந்தர்ப்பத்திலும் கூடாது என்று 1797இல் எழுதிய இமானுவேல் கான்ட், கொலைகாரன் வந்து கேட்டாலும் பொய் சொல்லாதே என்றவர். அவருடைய கண்டிப்பு என் வாசலில் அழுகிறவனுக்கு உதவாது என்று ஒதுக்கிவைத்தேன்.

இந்த வாதங்களோடு இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தேன். சிறு பொய்கள் பெருகியதை நான் கவனிக்கவில்லை. குளிக்க மறுத்தால் "டொக்டர் சொன்ன" என்பேன். வெளியே போகக் கேட்டால் "இப்பத்தானே பெய்த்து வந்த நீ" என்பேன். அது உம்மாவின் துயரைத் தணிப்பதற்கான பொய்யல்ல. என் களைப்பைத் தணிப்பதற்கான பொய்.

பிறகு உம்மாவின் வயற்காணி பிரிக்கும் விடயம் வந்தது. தம்பிக்கும் பங்கு உண்டு. நெருங்கிய உறவினர் ஒருவர், அவர் கெட்டவர் அல்லர், என்னிடம் வந்தார். தம்பிக்குப் பிள்ளைகுட்டி இல்லை, அவனைப் பார்ப்பது நான்தான், அவனுடைய பங்கை என் பேருக்கு எழுதிவிட்டால் கரைச்சல் இல்லை என்றார். நொத்தாரிசை வீட்டுக்கே கூட்டிவரலாம் என்றார். "கையெழுத்தப் போடுவான். நாளைக்கு அவனுக்கு என்ன ஞாபகமா இரிக்கப் போகுது?"

எனக்குக் கோபம் வந்தது. அவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அந்த வசனம் அவருடையதல்ல. என்னுடையது. 'நாளைக்கு ஞாபகமிருக்காது' என்பதைச் சொல்லித்தானே இரண்டு வருடமாக ஒவ்வொரு அஸருக்குப் பிறகும் நான் பேசிக்கொண்டிருந்தேன். நான் இரக்கத்துக்காகத் திறந்த கதவு அது. அதே கதவால் இப்போது ஒருவர் காணி உறுதியோடு வந்திருக்கிறார். கதவு ஒன்றுதான்.

*

அன்றிரவு சூரா அல்பகராவின் 282ஆவது வசனத்தை எடுத்துப் பார்த்தேன். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி சொல்லும் நீண்ட வசனம். கடன்பட்டவர் அறிவில் பலவீனமானவராகவோ சொல்லி எழுதுவிக்க இயலாதவராகவோ இருந்தால், அவருடைய பொறுப்பாளர் நீதியாகச் சொல்லி எழுதுவிக்க வேண்டும் என்கிறது. பலவீனமானவருக்கு உரிமை இல்லாமல் போகிறது என்று அது சொல்லவில்லை. அவரால் தூக்க முடியாததை இன்னொருவர் நீதியோடு தூக்க வேண்டும் என்கிறது. புத்தி தவறியவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்று நாம் சொல்வோம். சரி. அவருடைய கணக்கை எழுதும் கோல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் நிற்கிற எனக்குரிய கோல்? அது முன்பைவிடக் கூடுதலாக எழுதிக்கொண்டிருக்குமே.

லொக்கின் வாதமும் என் வாசலில் நிற்கவில்லை. வாக்குப் பெற்றவன் இல்லை என்று எப்படிச் சொல்வது? என் மகளுக்கு அவன் இன்றும் அட்சரகணிதம் சொல்லிக்கொடுக்கிறான். சிறுவயதில் மனனமிட்ட சூராக்களைப் பிழையின்றி ஓதுகிறான். பள்ளிவாசலுக்கு வழி தெரியும். அவன் இருக்கிறான். வாக்கை மறந்தது அவன்தான், நான் மறக்கவில்லை. இருவர் சேர்ந்து செய்த ஒப்பந்தத்தை ஒருவர் மறந்துவிட்டால், ஞாபகம் உள்ளவர் மீதுதான் முழுப் பாரமும் விழுகிறது. கடன் கொடுத்தவர் மறந்துவிட்டார் என்பதற்காகக் கடன் தீர்ந்துவிடுமா?

பொய்யால் அவனுக்கு இழப்பில்லை என்றதும் பிழை. தாயின் மௌத்துக்குப் பின் ஸாலிஹான பிள்ளையின் துஆ அவளைச் சென்றடையும் என்று நம்புகிறோம். உம்மா சாச்சி வீட்டில் இருக்கிறா என்று நம்புகிறவன் அவவுடைய கப்றுக்காக எப்படிக் கையேந்துவான்? நான் அவனிடமிருந்து துயரத்தை மட்டும் எடுக்கவில்லை. மகன் என்ற நிலையில் அவன் செய்யக்கூடிய கடைசிக் காரியத்தையும் எடுத்துவிட்டேன். உம்மாவுக்கு வரவேண்டியதையும் தடுத்துவிட்டேன்.

மொலைசனைப் பற்றி நான் படிக்காமல் விட்ட பகுதியும் இருந்தது. பிற்காலத்தில் அவர் தன் தந்தை இறந்துவிட்டார், தாய் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார் என்று எழுதிய துண்டுகளைத் தன்னிடமே வைத்திருந்தார் என்று அவரை நெடுங்காலம் ஆராய்ந்த சுசான் கோர்க்கின் எழுதுகிறார். ஒவ்வொரு முறையும் வலிக்கக்கூடிய அந்த உண்மையை அவரே விரும்பிக் கையில் வைத்திருந்தார்.

*

நாங்கள் ஒரு கொப்பி வாங்கினோம். முதல் பக்கத்தைத் தம்பியைக் கொண்டே எழுதுவித்தேன். உம்மா மௌத்தான திகதி, அடக்கிய மையவாடி, தான் சென்னையில் சுகயீனமாக இருந்ததால் வர முடியாமற்போனது, தங்கச்சி தன் குருதியைத் தந்தது. அவன் அழுதழுது எழுதினான். காணியில் அவனுடைய பங்கு அவன் பெயரிலேயே இருக்கிறது. வயலின் வருமானம் அவனுடைய கணக்குக்குப் போகிறது. அதுவும் கொப்பியில் உண்டு.

இப்போது அவன் கேட்டால் கொப்பியைக் கொடுக்கிறேன். வாசிக்கிறான். "என்ட எழுத்துத்தான்" என்கிறான். நான் சொல்லும்போது வந்த அந்தப் பதறல் வாசிக்கும்போது அவ்வளவு வருவதில்லை. இன்னொருவர் அறிவிக்கும் செய்தியாக அன்றி, தான் முன்பே அறிந்து எழுதிவைத்த ஒன்றாக அது அவனிடம் வருவது காரணமாயிருக்கலாம். மொலைசன் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையப் பழகினார். பழகியது நினைவில்லை, கை மட்டும் நாளுக்கு நாள் தேறியது என்று மில்னர் காட்டினார். துக்கத்துக்கும் அப்படியொரு கைப்பழக்கம் உண்டாகுமோ என்னவோ.

எல்லா நாளும் நான் ஒழுங்காக நடப்பதில்லை. அவன் காய்ச்சலாகக் கிடக்கும் நாளில் கொப்பியை எடுப்பதில்லை. "கொஞ்சம் பொறு, பொறகு சொல்றன்" என்பேன். தங்கச்சி இன்னும் என்னோடு முழுதாக உடன்படவில்லை. அவள் வரும் நாட்களில் அவன் கேட்டால், உம்மாவின் பழைய கதையொன்றைச் சொல்லி அவனைச் சிரிக்கவைத்துவிடுகிறாள். அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். உண்மையை எப்போது சொல்வது என்பதில் இரக்கத்துக்கு இடமுண்டு. மௌனத்துக்கும் இடமுண்டு. உண்மைக்குப் பதிலாக வேறொன்றை வைப்பதற்குத்தான் இடமில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

எனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் இவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டால், இன்று நான் சொன்னதையும் செய்ததையும் பற்றி இவன் முகத்தைப் பார்த்துப் பேச என்னால் முடியுமா? முடியும் என்றால் செய்கிறேன். வைத்தியர்கள் அப்படியொரு காலையை எங்களுக்கு வாக்களிக்கவில்லை. ஆனால் மறந்தவை அனைத்தும் எல்லோருக்கும் திரும்ப ஞாபகமூட்டப்படும் ஒரு நாளை நாம் நம்புகிறோம். அன்று தம்பி என்னிடம் கேட்பதற்கு இந்த இரண்டு வருடக் கணக்கு இருக்கிறது. அதைக் கூட்டாமல் இருப்பதே என்னால் இயன்றது.

நேற்றும் கேட்டான். கொப்பியைக் கொடுத்தேன். வாசித்து முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் ஏந்தினான். நானும் ஏந்தினேன். அவனுடைய துஆ நீண்டதாக இருந்தது.